ஜெயிலில் கைதிக்கு உடம்பு சரியில்லையா? வைத்திய செலவு யார் தலையில்? – முழு விவரம்

விருதுநகர்:
பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பட்டியல் தயாராகி விடும். ஒன்று, ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் பட்டியல். இன்னொன்று, போலீசார் வழக்கில் சேர்த்தவர்கள் பட்டியல். போர்மேன், மேனேஜர், குத்தகைக்கு எடுத்தவர் என்று வரிசையாக கைது நடக்கும். சில நேரம் ஒரே ஆளின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருக்கும். உடம்பில் தீக்காயம், கட்டிலுக்கு பக்கத்தில் போலீஸ் காவல்!

விபத்து வழக்கு மட்டும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்து பட்டாசு செய்ததாக, கள்ளத்திரி தயாரித்ததாக, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கூலித் தொழிலாளர்கள் கைதாவது வாடிக்கை. இப்படி ஜெயிலுக்கு போகிறவர்களில் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் இருப்பார். மூச்சிரைப்பு உள்ளவர் இருப்பார். பிரஷர் உள்ளவர் இருப்பார்.

அவர்களுக்கு உள்ளே வைத்தியம் பார்ப்பது யார்? காசு யார் கொடுப்பது? குடும்பம் கட்ட வேண்டுமா? நகராட்சி கொடுக்குமா? பஞ்சாயத்து கொடுக்குமா? ஜெயில் வாசலில் மனு போட்டு காத்திருக்கும் பெண்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக் கொள்ளும் கேள்விதான் இது.

பதில் சுருக்கமானது. கைதியின் வைத்திய செலவு முழுவதும் தமிழக அரசின் பொறுப்பு. குடும்பம் ஒரு பைசா கூட கட்ட வேண்டியது இல்லை. நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி எதுவும் இதற்காக பணம் ஒதுக்குவது இல்லை.

ஆனால் காசு வேண்டாம் என்பதால் வைத்தியம் தானாக நடந்து விடும் என்று நினைத்தால் அது தப்பு. கைதியின் நோய் ஜெயில் கணக்கில் ஏற வேண்டும். ஏறாத நோய்க்கு மருந்து வராது. அது எப்படி என்பதை கீழே பார்க்கலாம்.

உள்ளாட்சிக்கு ஏன் பங்கு இல்லை?

அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையில் மாநில அரசு கவனிக்க வேண்டிய விஷயங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் 4-வது இடத்தில் சிறைகள். 5-வது இடத்தில் உள்ளாட்சி. 6-வது இடத்தில் பொது சுகாதாரம், ஆஸ்பத்திரிகள். மூன்றுமே மாநில அரசின் கையில் உள்ளவை. இதில் உள்ளாட்சிக்கு என்னென்ன வேலை கொடுக்கலாம் என்பதை 1992-ம் ஆண்டு கொண்டு வந்த 73 மற்றும் 74-வது சட்ட திருத்தங்கள் சொல்கின்றன. கிராம பஞ்சாயத்துக்கு 11-வது அட்டவணை. நகராட்சிக்கு 12-வது அட்டவணை. ரோடு, தெருவிளக்கு, குடிநீர், சுகாதாரம் எல்லாம் அந்த பட்டியலில் உண்டு. ஜெயில் மட்டும் இல்லை.

அதனால் 2021-ம் ஆண்டு திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சியாக தரம் உயர்ந்த சிவகாசியாக இருந்தாலும் சரி, விருதுநகர் நகராட்சியாக இருந்தாலும் சரி, கைதியின் ஊசி மருந்துக்கு பட்ஜெட்டில் பணம் வைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ஊரில் உள்ள மற்ற கட்டிடங்களை போலவே ஜெயிலுக்கும் குடிநீர், சாக்கடை, குப்பை, கொசு மருந்து ஆகிய விஷயங்களில்தான் உள்ளாட்சிக்கு தொடர்பு. கவுன்சிலரிடம் மனு கொடுத்து கைதிக்கு ஆபரேஷன் செய்ய பணம் கேட்டால் நாள்தான் வீணாகும்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே விசாரணை கைதிகளை வைக்கும் உள்ளூர் ஜெயில்களை பெரும்பாலும் 'கவுண்டி' எனப்படும் உள்ளாட்சி அமைப்புகள்தான் நடத்துகின்றன. நம்ம ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக் கொள்ளலாம். ஜெயிலுக்கு பொறுப்பு ஷெரீப். செலவு கவுண்டியின் வரிப்பணத்தில் இருந்து போகும். கைதியின் கடுமையான நோயை தெரிந்தே கண்டுகொள்ளாமல் விடுவது கொடூர தண்டனைக்கு சமம் என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 1976-ம் ஆண்டு தீர்ப்பு சொன்னது.

ஆனால் ஏழைகளுக்காக அங்கே உள்ள மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவ உதவி, ஜெயிலுக்குள் போனதும் கிடைக்காது. வெளி ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உள்நோயாளியாக சேர்த்தால் அதில் விலக்கு உண்டு. அதனால் ஒரு கைதிக்கு பெரிய ஆபரேஷன் வந்தால் சின்ன கவுண்டியின் பட்ஜெட்டே ஆடிப் போகும். பல மாநிலங்களில் டாக்டரை பார்க்க கைதியிடமே கட்டணம் பிடிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 2006-ம் ஆண்டு முதல் அரசு ஜெயில் வைத்தியத்தை தேசிய சுகாதார சேவையிடமே ஒப்படைத்து விட்டார்கள். வெளியே இருப்பவருக்கு யார் பொறுப்போ, உள்ளே இருப்பவருக்கும் அவர்களே பொறுப்பு.

நம்ம ஊர் முறை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஜெயில் ஒரு துறை, ஆஸ்பத்திரி இன்னொரு துறை, வழிக்காவல் போலீஸ் வேறு பிரிவு. மூன்றுக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே மாநில அரசு.

பணம் எந்த வழியில் வருகிறது?

ஜெயில்கள் உள்துறையின் கீழ் வருகின்றன. அவற்றை நடத்துவது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. கைதிகளின் சாப்பாடு, துணிமணி, ஜெயிலுக்குள் கொடுக்கும் மருந்து மாத்திரை ஆகியவற்றுக்கு மாநில பட்ஜெட்டில் இருந்து இந்த துறைக்கு பணம் வருகிறது.

மத்திய ஜெயில் என்றால் உள்ளேயே ஆஸ்பத்திரி உண்டு. சுகாதாரத்துறை டாக்டர்கள் அங்கே பணியமர்த்தப்படுகிறார்கள். கிளைச் சிறை போன்ற சின்ன ஜெயில்களில் முழுநேர டாக்டர் கிடையாது. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியை நம்பித்தான் காலம் ஓடும்.

உள்ளே பார்க்க முடியாத நோய் என்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போவார்கள். அங்கே எல்லா ஏழைகளுக்கும் எப்படி இலவசமோ, அப்படியே கைதிக்கும் இலவசம். அங்கே கொடுக்கும் மருந்துகளை வாங்கி அனுப்புவது 1994-ம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம். ஆபரேஷன், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதற்கும் கைதியின் வீட்டுக்கு பில் வராது.

ஜெயிலில் இருந்து ஆஸ்பத்திரிக்கு போய் வர ஆயுதப்படை போலீசார் துணைக்கு வருவார்கள். அந்த செலவும் அரசுடையது. 'வண்டிக்கு டீசல் போடணும், காவலுக்கு வர்ற போலீசுக்கு படி கொடுக்கணும்' என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியது இல்லை. கேட்டால் லஞ்ச ஒழிப்பு போலீசில் புகார் செய்யலாம்.

எந்த ஜெயில்? எந்த ஆஸ்பத்திரி?

விருதுநகரில் மாவட்ட சிறை இருக்கிறது. இது தவிர மாவட்டத்தில் கிளைச் சிறைகளும் உண்டு. தண்டனை உறுதியான ஆண் கைதிகள் பெரும்பாலும் மதுரை அல்லது பாளையங்கோட்டை மத்திய ஜெயிலுக்கு மாற்றப்படுவார்கள். பெண்களுக்கு மதுரையில் தனிச் சிறை இருக்கிறது.

விருதுநகரில் 2022-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அன்றைய தினம் தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. இதனால் மாவட்டத்துக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரி கிடைத்தது. சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு உண்டு. அதற்கும் மேல் தீவிர சிகிச்சை என்றால் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிதான்.

அடைக்கப்பட்ட ஜெயில் மாறினால் வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியும் மாறும். பழைய சீட்டு கூடவே போகாவிட்டால் புது டாக்டர் முதலில் இருந்து ஆரம்பிப்பார். மருந்தும் மாறிப் போகும்.

முதல் நாள்தான் முக்கியம்!

வெள்ளைக்காரன் காலத்து 1894-ம் ஆண்டு சிறைச் சட்டம் ஒரு விஷயத்தை கறாராக சொல்கிறது. ஜெயிலுக்குள் வரும் கைதியை சீக்கிரமாக வைத்திய பரிசோதனை செய்ய வேண்டும். உடல்நிலை எப்படி, உடம்பில் காயம் அல்லது தழும்பு இருக்கிறதா என்பதை நோட்டில் எழுத வேண்டும். இது 24-வது பிரிவு.

கைதி டாக்டரை பார்க்க வேண்டும் என்று கேட்டாலோ, பார்த்தாலே உடம்பு சரியில்லை என்று தெரிந்தாலோ, அந்த வார்டுக்கு பொறுப்பானவர் தாமதம் இல்லாமல் ஜெயிலருக்கு சொல்ல வேண்டும். இது 37-வது பிரிவு. டாக்டர் சொன்ன உத்தரவுகளை கைதியின் 'ஹிஸ்டரி டிக்கெட்'டில் தினமும் குறிக்க வேண்டும் என்கிறது 38-வது பிரிவு. ஒவ்வொரு ஜெயிலிலும் ஆஸ்பத்திரி, அல்லது நோயாளிகளை வைக்க தகுந்த இடம் இருக்க வேண்டும் என்பது 39-வது பிரிவு.

இந்த எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதை பக்கத்து மாவட்டத்தில் நடந்த கொடுமையே சொல்லும். 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் போலீசாரால் தாக்கப்பட்டனர். அவர்கள் ஜெயிலுக்கு போக உடல்தகுதி உள்ளவர்கள் என்று அரசு டாக்டர் சான்று கொடுத்தார். மாஜிஸ்திரேட்டு காவலில் வைக்க உத்தரவிட்டார். 20-ந் தேதி கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ந் தேதி இரவு மகனும், 23-ந் தேதி அதிகாலையில் தந்தையும் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் இறந்து போனார்கள்.

அவர்கள் ஜெயிலுக்கு வந்தபோதே காயம் இருந்தது கிளைச் சிறையின் பதிவேட்டில் குறிக்கப்பட்டிருந்த விவரம் பின்னால் வெளியே வந்தது. மதுரை ஐகோர்ட்டு கிளை தானாக முன்வந்து வழக்கை கையில் எடுத்தது. பிறகு சி.பி.ஐ. விசாரித்து போலீசார் மீது கொலை வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இதில் தெரிய வேண்டிய சங்கதி ஒன்று. அங்கே வைத்தியத்துக்கு பணம் இல்லை என்ற பிரச்சினையே எழவில்லை. ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இருந்தார், எல்லாம் இலவசம். காயத்தை பார்த்து 'இவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவர்கள்' என்று சொல்லி, ஜெயில் வண்டியை திருப்ப ஆள் இல்லை. அதனால்தான் இரண்டு உயிர் போனது.

தீக்காயத்தோடு கைதானால்?

பட்டாசு பெல்ட்டில் இது அடிக்கடி வரும் கேள்வி. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி விபத்தில் 38 பேர் பலியானார்கள். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். இந்த மாதிரி பெரிய விபத்துகளில் காயம்பட்டவரும் வழக்கில் சிக்கியவரும் ஒருவராகவே இருக்க வாய்ப்பு உண்டு.

காயம்பட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கைது காட்டப்பட்டால், மாஜிஸ்திரேட்டு ஆஸ்பத்திரிக்கே வந்து காவல் உத்தரவு போடுவது உண்டு. அதன் பிறகு அவர் கட்டிலில் படுத்திருந்தாலும் சட்டப்படி கைதிதான். வார்டில் போலீஸ் காவல் இருக்கும். வைத்தியத்தை நிறுத்தி ஜெயிலுக்கு இழுத்துப் போக முடியாது. டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிய பிறகுதான் ஜெயில்.

இங்கே ஒரு சிக்கல். தீக்காயம் ஆற பல வாரம் ஆகும். கட்டு மாற்ற வேண்டும், சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும், தோல் சுருங்காமல் பயிற்சி கொடுக்க வேண்டும். சின்ன ஜெயிலில் இதற்கு வசதி பத்தாது. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை நாளைக்கு ஒரு முறை கட்டு மாற்ற வேண்டும், எந்த தேதியில் திரும்ப வர வேண்டும் என்பதை டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்குவது நல்லது. அந்த சீட்டின் நகல் ஒன்று வீட்டிலும், ஒன்று வக்கீலிடமும் இருக்கட்டும்.

போலீஸ் காவலில் இருக்கும் நேரத்திலும் இதே பாதுகாப்பு உண்டு. கைதானவரை அரசு டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்று 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 53-வது பிரிவு சொல்கிறது. கைதானவரின் உடல்நலத்தை கவனிப்பது காவலில் வைத்திருப்பவரின் கடமை என்கிறது 56-வது பிரிவு.

இழுத்தடிப்பு எங்கே?

காசு கேட்க மாட்டார்கள். ஆனால் நாள் இழுக்கும். காரணம் இரண்டு.

முதலாவது, வழிக்காவல். ஆயுதப்படை போலீசார்தான் கைதியை கோர்ட்டுக்கும் கூட்டிப் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போக வேண்டும். திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என்று பந்தோபஸ்து வந்தால் ஆள் குறையும். ஸ்கேன் எடுக்க கொடுத்த தேதி தவறினால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, டாக்டர். கிளைச் சிறையில் ராத்திரி நேரம் நெஞ்சு வலிக்கிறது என்று கைதி சொன்னால், அது நிஜமா நடிப்பா என்று முடிவு செய்ய அங்கே டாக்டர் இருக்க மாட்டார். வார்டனே முடிவு எடுக்க வேண்டிய நிலைமை. இங்கேதான் முதல் நாள் எழுத்து உதவும். 'இவருக்கு ஏற்கனவே இருதய கோளாறு' என்று நோட்டில் இருந்தால் யாரும் நடிப்பு என்று தள்ள முடியாது.

ஜெயிலில் இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளி என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மத்திய அரசின் 2022-ம் ஆண்டு சிறை புள்ளிவிவரப்படி நாடு முழுவதும் ஜெயிலில் இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரத்து 220 பேர். இதில் விசாரணை கைதிகள் மட்டும் 4 லட்சத்து 34 ஆயிரத்து 302 பேர். அதாவது நாலு பேரில் மூணு பேர் மேல் குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை.

தனியார் ஆஸ்பத்திரி வேண்டும் என்றால்?

அரசு ஆஸ்பத்திரி வேண்டாம், தனியாரில்தான் பார்ப்போம் என்றால் கோர்ட்டு அனுமதி வேண்டும். செலவும் சொந்தப் பணம்தான்.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் அப்போதைய அமைச்சர் செந்தில் பாலாஜி அமலாக்கத்துறையால் கைது செய்யப்பட்டார். நெஞ்சு வலி என்று சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவர் மனைவி ஐகோர்ட்டில் மனு செய்தார். தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்ற கோர்ட்டு அனுமதித்தது, ஆனால் செலவை அவர் தரப்பே ஏற்க வேண்டும் என்றது. ஜூன் 21-ந் தேதி அங்கே அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது.

ஆக, அமைச்சராக இருந்தாலும் தனியார் என்றால் சொந்தக் காசு. கூலித் தொழிலாளியாக இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரி என்றால் இலவசம்.

'நிதி இல்லை' என்று சொல்ல முடியுமா?

முடியாது. 1992-ம் ஆண்டு மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி ரெயிலில் இருந்து விழுந்து தலையில் பலத்த காயம் அடைந்தார். பல அரசு ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டி பிழைத்தார். இந்த வழக்கில் 1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, உயிர் காக்கும் வைத்தியத்துக்கு நிதி இல்லை என்று அரசு கை விரிக்க முடியாது என்று கூறி ரூ.25 ஆயிரம் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

வெளியே இருப்பவருக்கே இந்த உரிமை என்றால், அரசே பூட்டி வைத்திருப்பவருக்கு சொல்லவே வேண்டாம். அவரால் வேறு ஆஸ்பத்திரி தேடி ஓட முடியாது. அதே 1996-ம் ஆண்டு கர்நாடக கைதிகள் சம்பந்தமான ராமமூர்த்தி வழக்கில், நாட்டில் உள்ள ஜெயில்களின் 9 பெரிய பிரச்சினைகளை சுப்ரீம் கோர்ட்டு பட்டியல் போட்டது. அதில் ஒன்று, கைதிகளின் உடல்நலத்தை கவனிக்காமல் விடுவது.

மனநோய்க்கும் இதே கதிதான். 2017-ம் ஆண்டு மனநல சட்டத்தின் 103-வது பிரிவுப்படி, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு ஜெயிலின் ஆஸ்பத்திரி பகுதியில் மனநல சிகிச்சை வசதி இருக்க வேண்டும்.

காவலில் இறந்து போனால்?

சொல்லவே வாய் கூசும் விஷயம். ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜெயிலில் அல்லது ஜெயிலில் இருந்து கொண்டு போன ஆஸ்பத்திரியில் கைதி இறந்தால், மாஜிஸ்திரேட்டு விசாரணை கட்டாயம். விசாரணை நடக்கும்போது உறவினர்களுக்கு முடிந்த வரை தகவல் கொடுத்து உடன் இருக்க அனுமதிக்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். இந்த 24 மணி நேர விதி 1993-ம் ஆண்டில் இருந்தே நடைமுறையில் உள்ளது.

பிரேத பரிசோதனைக்கு குடும்பம் பணம் கட்ட வேண்டாம். உடலை ஊருக்கு கொண்டு போக 155377 எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். சிவகாசிக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு மதுரையில்தான் நடக்கும். கைதி விஷயத்தில் உள்ளாட்சி அலுவலகத்துக்கு அலைய வேண்டி வருவது இந்த ஒரு இடத்தில்தான்.

குடும்பத்தினர் என்ன செய்ய வேண்டும்?

1. கைது ஆன அன்றே நோயாளி சீட்டு, மாத்திரை அட்டை, பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து ஜெராக்ஸ் போடுங்கள். ஒரு செட் வக்கீலிடம் கொடுங்கள்.

2. மாஜிஸ்திரேட்டு முன்பு கொண்டு போகும்போது, உடம்பில் உள்ள காயத்தையும் நோயையும் கைதி வாய் திறந்து சொல்ல வேண்டும். போலீஸ் பக்கத்தில் நிற்கிறதே என்று பயந்து பேசாமல் இருந்து விட்டால் பின்னால் சொல்வது எடுபடாமல் போகலாம். சொன்னதை எழுதும்படி வக்கீல் கேட்க வேண்டும்.

3. ஜெயில் சூப்பிரண்டுக்கு ஒரு மனு கொடுங்கள். என்ன நோய், எத்தனை வருஷமாக, என்ன மாத்திரை, எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தது என்று நாலு வரி போதும். நகலில் முத்திரை போட்டு வாங்குங்கள். நேரில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

4. வீட்டு மாத்திரையை மனு பார்க்கும்போது ரகசியமாக கொடுக்க முயற்சி செய்யாதீர்கள். அது வேறு வழக்காகி விடும். டாக்டர் சீட்டோடு ஜெயில் அதிகாரியிடம் கொடுங்கள். டாக்டர் பார்த்த பிறகு உள்ளே போகும்.

5. வக்கீல் வைக்க வசதி இல்லையா? காவலில் உள்ள யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி பெறலாம் என்று 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் சொல்கிறது. நம் மாவட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம்.

6. நோயை காரணம் காட்டி ஜாமீன் கேட்கலாம். கடுமையான வழக்காக இருந்தாலும் நோயாளி, உடல் நலிந்தவர், பெண் என்றால் ஜாமீன் கொடுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. புதிய சட்டத்தின் 480-வது பிரிவில் இது இருக்கிறது. அரசு டாக்டரின் சீட்டு இல்லாமல் வெறும் வாயால் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

7. முதல் முறையாக வழக்கில் சிக்கியவர், அதிகபட்ச தண்டனை காலத்தில் மூணில் ஒரு பங்கை விசாரணை கைதியாகவே கழித்து விட்டால் வெளியே வர வழி இருக்கிறது. இது 479-வது பிரிவு. உதாரணமாக, லைசென்ஸ் இல்லாமல் பட்டாசு தயாரித்த வழக்கில் வெடிபொருள் சட்டம் 9-பி பிரிவுப்படி அதிகபட்சம் 3 வருஷம். மூணில் ஒரு பங்கு என்றால் ஒரு வருஷம். தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய வழக்குக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது.

8. மனு கொடுத்தும் வைத்தியம் நடக்கவில்லை என்றால் வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே மனு போடலாம். மாவட்ட நீதிபதி, கலெக்டர் ஆகியோர் ஜெயிலை பார்வையிட அதிகாரம் உள்ளவர்கள். அவர்களுக்கும் எழுதலாம். சென்னையில் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. கடைசியாக மதுரை ஐகோர்ட்டு கிளை.

9. கைதானவர் இ.எஸ்.ஐ. உள்ள பட்டாசு தொழிலாளியா? அப்படியானால் வீட்டில் உள்ளவர்களின் வைத்தியத்தையும் யோசிக்க வேண்டும். சம்பளம் நின்றால் இ.எஸ்.ஐ. பிடித்தமும் நிற்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அட்டை எந்த மாதம் வரை செல்லும் என்று சிவகாசி இ.எஸ்.ஐ.யில் கேட்டு, பிள்ளைகளுக்கு பார்க்க வேண்டிய வைத்தியத்தை அதற்குள் பார்த்து விடுவது புத்திசாலித்தனம்.

இதில் எதற்குமே பெரிய செலவு இல்லை. ஜெராக்ஸ் காசு, தபால் காசு, பஸ் காசு அவ்வளவுதான். கைதியின் நோய் முதல் நாளே பேப்பரில் ஏறி விட்டால், அவரை கவனிக்காமல் விட்டதற்கு பின்னால் அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.